இடது பக்கம் வந்தவர்கள்

மாப்ள,

உன் சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் முதலில் வந்தது உங்கள் உரக்கடை வாடைதான். யூரியாவும் பூச்சிமருந்தும் கலந்து, மூக்குக்குள் போய் ஒட்டிக்கொள்ளும் அந்த வாடை. நாலரை வருஷம் பழைய சேலையைப் போட்டு மூடி வைத்திருந்தும் போகவில்லை. ஃபேன் இறக்கையில் படிந்திருந்த தூசியை புளோயரால் ஊதினேன். கடை முழுக்க நீ வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. மூச்சு முட்ட, எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன். திறந்தால் கீழே அந்தச் சந்து முக்கு. கம்பம் ஊருக்குள் வேறு இடத்தில் எனக்குக் கடை கிடைக்காமல் இல்லை. ஏன் இன்னும் இந்த மாடியிலேயே இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

பெட்டியைக் கொண்டுவந்தது உன் அக்கா. ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"பாப்பா காலேசுல கம்ப்யூட்டர் படிக்கப் போறா தம்பி. வீட்டுல ஒண்ணு வேணுங்கிறா. இதுல என்னமாச்சும் மாத்திப்போட்டு ஓட வைக்கலாமா, இல்ல யாருக்காச்சும் வித்துட்டுப் புதுசு வாங்கணுமா, நீயே பாத்துச் சொல்லு. எனக்கு இத வீட்டுல வச்சிருக்கவும் பிடிக்கல, அடுத்தவுகளுக்குக் குடுக்கவும் மனசு வரல."

அப்கிரேடு பண்ணுவதா, விற்பதா. இதே கேள்வியை வைத்துக்கொண்டுதான் நீயும் நானும் உன் கடைசி நாலு மாதத்தைச் சண்டையிலேயே கழித்தோம். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். படி இறங்கப் போனவர் திரும்பி நின்றார்.

"அந்த ஜீப்புக்காரன் போட்ட அப்பீல் வருதாம்ல. விட்டுருவாகளோ?" என்று கேட்டுவிட்டு, "அதெப்படி விடுவாக. நீ கண்ணால பாத்துச் சொன்ன சாட்சி இருக்குல்ல" என்று பதிலையும் அவரே சொல்லிக்கொண்டு போனார்.

உனக்கு இது தெரியாது. உன்னை இடித்த ஜீப்பின் டிரைவருக்கு ஒரு வருஷம் ஜெயில் என்று கீழ்க் கோர்ட்டில் தீர்ப்பானது. அப்பீல் போட்டு ஜாமீனில் வெளியே இருக்கிறார். அவர் வேகமாக வந்ததை நேரில் பார்த்ததாகச் சொன்ன ஒரே சாட்சி நான். நான் சொன்னது நின்றால் அவர் உள்ளே போக வேண்டும். அன்றைக்கு அந்தப் பெட்டியைத் திறக்கும்வரை எனக்கு அதில் ஒரு உறுத்தலும் இருந்ததில்லை. போகட்டும், கொலைகாரன் என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த மெஷினை நாம் சேர்த்துக் கட்டிய நாள் உனக்கு மறந்திருக்காது. மதுரையிலிருந்து பாகங்களை பஸ்ஸில் கொண்டுவந்தோம். மானிட்டர் பெட்டிக்கு உட்கார இடம் பிடித்துவிட்டு நீ ஆண்டிபட்டிக் கணவாய்வரை நின்றுகொண்டே வந்தாய். உங்கள் உர குடோனுக்கு மேலே இருந்த அறையில் அதை வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஐந்தாறு பேர் அவரவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கேபிள் போட்டு எல்லாவற்றையும் இணைத்து, இரண்டு கட்சியாகப் பிரிந்து துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. கீழே மூட்டை இறக்குகிறவர்கள், மேலே என்ன சத்தம் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள்.

நீ விளையாடும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதே எனக்குப் பிடிக்கும். சுவர் ஓரத்தில் எதிரியின் தோள்பட்டை துளி தெரிந்தால் போதும், உன் கை நகர்ந்திருக்கும். தேனியில் நடந்த போட்டியில் நீ ஜெயித்துவிட்டு வந்த அன்று, கப்பை வீட்டில் காட்டாமல் குடோனில் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாய். அப்பா பார்த்தால், உரம் விற்கிற நேரத்தில் எங்கே போனாய் என்று கேட்பார். எனக்கு அவ்வளவு பெருமை. கம்பத்தில் இப்படி ஒரு கண் வேறு யாருக்கும் கிடையாது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். பின்னால் கோர்ட்டிலும் சொன்னேன்.

அந்தக் கோளாறு ஒரு மழைக்காலத்தில்தான் ஆரம்பித்தது. வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றுவிட்டு நீ கடைக்கு வந்தாய்.

"மாப்ள, மெஷின் கெழடு தட்டிப் போச்சுடா. இடது பக்கமிருந்து ஆளு வர்றதக் காட்டவே மாட்டேங்குது. ஒண்ணுமே இருக்காது. திடீர்னு நட்டநடுவுல மொளைக்கிறான்."

நான் சிரிக்கவில்லை. எங்கள் தொழிலில் இது தினமும் கேட்கிற புகார்தான். திரைக்குப் படம் அனுப்புகிற கார்டு பழசானால் படம் வரைய நேரம் பிடிக்கும். ஆள் வந்து நின்ற பிறகுதான் திரையில் வருவான். நீ சொன்னது அதற்கு அச்சாகப் பொருந்தியது. இந்தத் தொழிலில் நான் நம்பிய பாடம் ஒன்றே ஒன்றுதான்: ஆளைப் பார்க்காதே, மெஷினைப் பார். வாடிக்கையாளர் உளறுவார், பொய்கூடச் சொல்வார், மெஷின் சொல்லாது. அதனால் உன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. தகட்டைக் கழற்றி உள்ளேதான் பார்த்தேன்.

உள்ளே பார்த்தால் பழிபோட ஏதாவது கிடைக்கத்தானே செய்யும். உரத் தூசி படிந்து கார்டின் காலெல்லாம் பச்சை பூத்திருந்தது. அழிரப்பர் போட்டுத் தேய்த்து மாட்டினேன். அடுத்த ஞாயிறும் நீ தோற்றாய். ரேமை மாற்றினேன். தோற்றாய். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். அதற்கும் தோற்றாய். அப்போதுதான் நீ விற்றுவிடலாம் என்று ஆரம்பித்தாய். நானோ விற்காதே, கார்டை மட்டும் மாற்றினால் இன்னும் மூன்று வருஷம் ஓடும் என்றேன். நான் கட்டிய மெஷினை நீ குப்பை என்றது எனக்குப் பொறுக்கவில்லை. கோபத்தில் புதுக் கார்டே வரவழைத்துப் போட்டேன்.

போட்டுவிட்டு நானே உட்கார்ந்து ஒரு மணிநேரம் விளையாடினேன். வலது, இடது, எந்தப் பக்கம் ஆள் வந்தாலும் திரை பளிச்சென்று காட்டியது. பிறகு நீ உட்கார்ந்தாய். நாலாவது நிமிஷம் மவுஸைத் தூக்கி எறிந்தாய்.

"மறுபடியும் அதேதான்டா. இடது பக்கம் வர்றவனத் திங்குது இது."

"எனக்குத் தின்னலையே" என்றேன். "தோக்குறவன் சொல்ற சாக்குடா இது."

நீ மானிட்டரின் இடது ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அன்றைக்கு எனக்கு அது கேலியாக இருந்தது.

அதன் பிறகு நீ உட்காருகிற விதமே மாறிவிட்டது. முகத்தை இடது பக்கமாகச் சாய்த்து, திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு ஆடினாய். கோழி இரை பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். காலையில் எழுந்தால் தலை வலிக்கிறது என்றாய். அக்கா, எல்லாம் அந்தப் பெட்டியால் வருவது என்று தைலம் தேய்த்துவிட்டார். உன் பைக்கின் இடப்பக்கக் கண்ணாடி ஒரே மாதத்தில் இரண்டு தடவை உடைந்தது. பஜார் சந்து குறுகல் என்று சொன்னாய். அந்தச் சந்தில் நீ பிறந்ததிலிருந்து வண்டி ஓட்டுகிறாய்.

சின்னமனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில் நான் உனக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். நீ இரண்டாவது தடவை வாங்கிய சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாய். "ஏன்ணே, எனக்கு மட்டும் உப்பு வைக்கல?" என்றாய். அவர் உன் இலையைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். உப்பு இலையின் இடது ஓரத்தில் வழக்கம்போல் இருந்தது. ஊறுகாய் இருந்தது. பூசணிக்காய்க் கூட்டும் பொரியலும் தொடாமல் இருந்தன. வலது பாதியில் வைத்தவை மட்டும் துடைத்த மாதிரிக் காலியாக இருந்தன. நீ விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். உன் உப்பை எடுத்து உன் சோற்றிலேயே போட்டேன். "எங்கருந்துடா எடுத்த?" என்று கேட்டாய். அதையும் விளையாட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

எத்தனை தடவை நீ சொல்லியிருக்கிறாய், மாப்ள. வேறு எப்படித்தான் சொல்ல முடியும்? நான்தான் எல்லாவற்றையும் பெட்டிக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் நீயே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாய். அந்த விளையாட்டில் ஆடுவதை அப்படியே பதிவு செய்து வைக்கலாம். திரும்பப் போட்டால், ஆடியவன் திரையில் அன்று என்ன தெரிந்ததோ அதெல்லாம் அச்சு மாறாமல் வரும். ஒவ்வொரு ஞாயிறு ஆட்டத்தையும் பதிந்து, ஒரு சிடியில் போட்டு என் மேஜையில் வைத்தாய்.

"இத முழுசாப் பாரு. இடது பக்கம் ஆளு வர்றானா, வரலையா. வரலைன்னா மெஷினு போச்சு, வித்துருவோம். வர்றான்னா நீ சொல்றதுதான் சரி, வச்சுக்குவோம். பாத்துட்டு நீ சொல்லு, நான் மறுபேச்சு பேசல."

அதைவிட நேர்மையாக ஒருவன் கேட்க முடியாது. நான் பார்ப்பதாகச் சொன்னேன். வேலை இருந்தது. நீ தோற்கிறதை மணிக்கணக்காக உட்கார்ந்து பார்க்க யாருக்கு மனசு வரும் என்றும் இருந்தது. சிடி மேஜையிலேயே கிடந்தது. அதன்மேல் ஒரு நாள் டீ டம்ளரை வைத்தேன். அப்புறம் அது எங்கே போனது என்று தெரியாது.

அந்தத் திங்கட்கிழமை காலை ஏழரைக்கு நீ போன் செய்தாய். இன்றைக்கு முடிவு பண்ணிவிடுவோம், நேரில் வந்து பேசுகிறேன் என்றாய். நான் கடையைத் திறந்துவிட்டு ஜன்னலில் நின்றேன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மலைமேல் மெட்டுப் பக்கம் போகிற நேரம். எதிர்ச் சந்து முனையில் நீ பைக்கில் வந்து நின்றாய். காலை ஊன்றினாய். வலது பக்கம் பார்த்தாய். இடது பக்கம் முகத்தைக் கொஞ்சம் திருப்பினாய். மேலே ஜன்னலில் நான் நிற்பதைப் பார்த்துக் கையைத் தூக்கினாய். வண்டியை எடுத்தாய்.

சத்தம் கேட்ட பிறகுதான் ஜீப் இருப்பதே எனக்குத் தெரியும்.

உன் இடது பக்கத்திலிருந்து வந்திருந்தது அது. ஜீப்பில் இருந்த பெண்கள் இறங்கி ஓடிவந்தார்கள். டிரைவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்து, "என்னையப் பாத்துட்டுத்தானய்யா எடுத்தாப்ல, பாத்துட்டுத்தானய்யா எடுத்தாப்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் கீழே இழுத்துப்போட்டு முதல் அடி அடித்தது நான்தான்.

கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். நான் பொய் சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஏறவில்லை. என் மனக்கணக்கு எளிமையாக இருந்தது. நீ நின்றாய், இரண்டு பக்கமும் பார்த்தாய், அதை நான் கண்ணால் கண்டேன். உன் கண்ணில் படாமல் ஒரு ஈகூடப் போகாது. அப்படியானால் நீ பார்த்தபோது அங்கே ஜீப் இல்லை. இல்லாத ஜீப் அடுத்த நொடியில் உன்மேல் மோதியது என்றால், அது பேய் வேகத்தில்தான் வந்திருக்க வேண்டும். அதனால், "ஜீப் அதிவேகமாக வந்ததைப் பார்த்தேன்" என்று சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல், "நீங்கள் பார்த்தது ஜீப்பையா, உங்கள் நண்பரையா?" என்று கேட்டார். "இரண்டையும்" என்றேன். உன் கண்ணைப் பற்றியும், தேனிப் போட்டியைப் பற்றியும் சொன்னேன். கோர்ட்டில் எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இறங்கும்போது உனக்கு ஏதோ செய்துவிட்ட நிம்மதி இருந்தது.

இனி இந்த வாரத்துக்கு வருகிறேன்.

விற்பதானாலும் மாற்றுவதானாலும் ஹார்ட் டிஸ்கில் இருப்பதை அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்ப்பது என் வழக்கம். உன் பெட்டி ஓடத்தான் செய்தது. முக்கி முனகி எழுந்தது. சிடியில் போட்டுக் கொடுத்த பதிவுகளும் அதற்குப் பிறகு பதிந்தவையும் அதில் அப்படியே இருந்தன. தேதி போட்டு வரிசையாக வைத்திருந்தாய். நீ ஆடுவதை இன்னொரு தடவை பார்க்கலாம் என்ற ஆசையில்தான் முதல் பதிவைத் திறந்தேன்.

இடது பக்கம் ஆள் வருகிறான், மாப்ள. மெஷின் காட்டுகிறது. சுத்தமாகக் காட்டுகிறது. கதவைத் திறந்துகொண்டு வந்து, நின்று, துப்பாக்கியில் குண்டு போடுகிறான். அவ்வளவு நேரமும் உன் துப்பாக்கிக் குறி அசையவில்லை. அவன் நடந்து திரையின் ஓரத்தைத் தாண்டி உள்ளே வந்ததும் நீ பதறிச் சுடுகிறாய். அடுத்த ஆளும் அப்படித்தான். அதற்கடுத்தவனும். ஒரு நாள் முழுக்கக் கடையைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். ஆரம்பத்தில் ஓரமாக வந்தவர்களை மட்டும்தான் தவறவிட்டாய். வாரம் ஆக ஆக, உனக்குத் தெரியாத இடம் நடுவை நோக்கி வந்துகொண்டே இருந்தது. பதிவுகளை வரிசையாகப் பார்த்தால் ஏதோ ஒன்று உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வருவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன்.

கடைசிப் பதிவு அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையுடையது. அதில் ஒரு நாற்சந்தி வருகிறது. நீ நிற்கிறாய். வலது பக்கம் பார்க்கிறாய். இடது பக்கம் பாதி திரும்புகிறாய். திரையின் இடது பாதியில் ஒருவன் மறைவுகூட இல்லாமல், உன்னைப் பார்த்து நிற்கிறான். நீ நேராகத் திரும்பி, அவன் முன்னாலேயே நடந்து போகிறாய்.

தேனியில் ஒரு கண் டாக்டரிடம் போய் இதையெல்லாம் சொன்னேன். அவர் பாதியிலேயே புரிந்துகொண்டார். "அவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கும். மூளையில பின்னாடி என்னமோ வளந்திருக்கு. ரெண்டு கண்ணுலயும் இடது பாதி போயிருக்கும்" என்றார். அவ்வளவு இருட்டாக இருந்தால் அவனே தெரிந்துகொண்டிருக்க மாட்டானா என்று கேட்டேன். "இருட்டாத் தெரிஞ்சாத்தான கண்டுபிடிக்க? அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியாது. தெரியலங்கிறதே தெரியாது" என்றார். முன்பே கூட்டி வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்ததும் அவர் எழுந்து கையைக் கழுவப் போய்விட்டார்.

அக்காவிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது. கடைக்கு வரச்சொல்லி, கடைசிப் பதிவை மட்டும் போட்டுக் காட்டினேன். விளையாட்டே தெரியாதவர், ஆனாலும் அந்த ஆள் நிற்பதை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இந்தா இங்கன நிக்கிறானே. நம்ம பய பாக்கலியா?"

"பாக்கலக்கா. அன்னைக்கு ஜீப்பையும் பாக்கல."

அக்கா விரலைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. அழவும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பிறகு, "வேகமா வந்துச்சுன்னு சொன்னியே தம்பி, அத நீ பாத்தியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. "அந்த ஆளு வீடு எங்கன இருக்கு? என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார்.

டிரைவர் சுருளிப்பட்டியில் யாருடைய திராட்சைத் தோட்டத்திலோ கொடி கட்டுகிற வேலையில் இருந்தார். லைசென்ஸ் போய்விட்டது. தீர்ப்புக்கு முன்னாலேயே தோட்டத்துப் பெண்கள் அவர் ஜீப்பில் ஏறுவதை நிறுத்திவிட்டார்களாம். பந்தலுக்கு அடியில் குனிந்து நின்றவர், எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த கத்தரியைத் தூரப் போட்டுவிட்டார். நாங்கள் என்ன நினைப்போமோ என்ற பயம். நான் சொன்னதையெல்லாம் தலையைக் குனிந்தபடி கேட்டார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப அந்தத் தம்பி என்னையப் பாக்கவே இல்லையா?"

"இல்லண்ணே."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "நேரா என்னையப் பாத்துச்சே அந்த மூஞ்சி. அதான் தம்பி நான் பிரேக்கு மிதிக்கல. பாத்துட்டாப்ல, நின்னுருவாப்லன்னு நெனச்சேன். பாத்துட்டும் ஏன் வந்தாருன்னு இத்தன வருசமா அவருகிட்டயே கேட்டுக்கிட்டுக் கெடக்கேன். சாகத்தான் வந்தாரோ, அதுக்கு ஏன் என் வண்டியப் பாத்துப் பிடிச்சாருன்னு."

அக்கா கிட்டே போய்க் குனிந்து, "அவன் மூஞ்சி கடேசியா எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சு ஆத்தா. யாருகிட்டயோ என்னமோ சொல்லப் போற ஆளு மாதிரி இருந்துச்சு."

அவருடைய வக்கீலையும் பார்த்துவிட்டேன். பெட்டியில் ஒரு திருகாணியைக்கூட மாற்றக் கூடாது, அப்படியே கோர்ட்டுக்கு வர வேண்டும் என்று சொன்னார். ஆக, விற்பதா மாற்றுவதா என்ற நம் பஞ்சாயத்து இப்படி முடிந்தது. முன்னால் சத்தியம் பண்ணிச் சொன்னதைப் பொய் என்று நானே எழுதிக் கொடுத்தால் என்மேலேயே கேஸ் வரும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். யோசித்துவிட்டேன். மோதிய பிறகுதான் ஜீப்பைப் பார்த்தேன் என்று எழுதியாகிவிட்டது. நாளைக் காலையில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றை அந்தக் காகிதத்தில் எழுதவில்லை. அக்காவிடம் சொல்லவில்லை, அந்த மனிதரிடமும் சொல்லவில்லை. அன்று காலை போனில் நீ கேட்டாயே, "நான் குடுத்த சிடியப் பாத்தியாடா?" என்று. இல்லை என்று சொல்லியிருந்தால், "அப்பப் பாத்துட்டுக் கூப்புடு, வர்றேன்" என்று போனை வைத்திருப்பாய். எனக்குத் தெரியும், நீ அப்படித்தான். நான் "பாத்துட்டேன், வா பேசுவோம்" என்றேன்.

நீ வந்தாய்.